ஆறு வார ஆசிரியர்களும் நிரப்பப்படாத பணியிடங்களும்

ஆண்டுத் தேர்வுகள் நெருங்கும் மாதங்களில் தில்லி, மும்பை, புனே, பெங்களூரு, கொல்கத்தா முதலிய பெருநகரங்களின் கல்லூரி வளாகங்களில் ஒரு புதுவகை ஆயத்தம் நடைபெறுகிறது. கோடை விடுமுறையில் வெளிநாடு சென்று குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தன்னார்வலர்கள் தேவை என்று சுவரொட்டிகள் அழைக்கின்றன. வியட்நாம், இந்தோனேசியா, கம்போடியா, எகிப்து, துருக்கி என்று நாடுகளின் பட்டியல் நீள்கிறது. பணிக்காலம் பெரும்பாலும் ஆறு வாரம். ஊதியம் கிடையாது. செல்லும் மாணவரே திட்டக் கட்டணம் செலுத்த வேண்டும். விமானக் கட்டணம், விசா, காப்பீடு ஆகியவையும் அவர் குடும்பத்தின் பொறுப்பு. புறப்படுவதற்கு முன் ஓரிரு நாள் பயிற்சி அளிக்கப்படும். படஅட்டைகளைக் காட்டிப் பெயர் சொல்ல வைப்பதும், ஆங்கிலப் பாட்டுக்குக் குழந்தைகளைக் கைதட்ட வைப்பதும் அதில் அடங்கும். திரும்பி வந்ததும் ஒரு சான்றிதழ் கிடைக்கும்.

இந்த மாணவர்களைக் கேலி செய்வது எளிது. அது தவறும் ஆகும். அவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணம் கொண்டவர்கள். உலகைக் காணவும் பிறருக்குப் பயன்படவும் விரும்பும் பத்தொன்பது, இருபது வயது இளைஞர்கள். இடதுசாரி இயக்கத்தின் ஊழியர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களிடையே உண்டு. ஆகவே ஆராயப்பட வேண்டியது அவர்களுடைய நோக்கமல்ல. அந்த நல்லெண்ணத்தை முதலாக்கிக் கொள்ளும் ஏற்பாடும், அதன் வழியே மாணவர் மனத்தில் விதைக்கப்படும் கருத்துமே ஆராய்வதற்குரியவை. ஆசிரியப் பணிக்கு முறையான பயிற்சி தேவையில்லை, ஊதியம் தேவையில்லை, தொடர்ச்சியான பொறுப்பும் தேவையில்லை என்பதே அந்தக் கருத்து. இதே கருத்தைக் கொண்டுதான் இந்தியாவின் ஆளும் வர்க்கம் கடந்த முப்பது ஆண்டுகளாக ஆசிரியர் பணியிடங்களை அரித்து வருகிறது.

யாருக்கு லாபம்?

வியட்நாமில் பள்ளிகள் மே மாத இறுதியில் விடுமுறைக்கு மூடப்பட்டு, செப்டம்பர் 5 அன்றுதான் முறைப்படி திறக்கப்படுகின்றன. இந்தியக் கல்லூரிகளின் கோடை விடுமுறையின் பெரும்பகுதி அதே காலத்தில் வருகிறது. பள்ளி மூடியிருக்கும் போது அங்கே செல்லும் தன்னார்வ ஆசிரியருக்குப் பெரும்பாலும் எஞ்சுபவை கோடை முகாம்களும் தனியார் மொழிப் பயிற்சி நிலையங்களுமே. பெற்றோரிடம் கட்டணம் வாங்கும் நிலையம் ஒன்றுக்கு, தன் செலவில் வந்து ஊதியமின்றிப் பாடம் நடத்தும் வெளிநாட்டு இளைஞர் கிடைத்தால் அது யாருக்கு நன்கொடை? அந்த நாட்டின் ஏழைக் குழந்தைக்கு அல்ல என்பது உறுதி. உழைப்புச் சக்தியை விற்பவர் கூலி பெறுவது முதலாளித்துவத்தின் விதி. இங்கே உழைப்பைத் தருபவரே பணமும் தருகிறார். இடைத்தரகு அமைப்பு ஒரு முனையில் கட்டணம் பெறுகிறது. மறுமுனையில் பயிற்சி நிலையத்தின் சம்பளச் செலவு குறைகிறது.

இதில் இன்னொரு அநீதியும் மறைந்திருக்கிறது. கிழக்காசிய, தென்கிழக்காசிய நாடுகளில் ஊதியத்துடன் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு அமெரிக்க, பிரிட்டன், ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கே முன்னுரிமை. அவர்களிலும் வெள்ளைத் தோலுக்குத் தனி மதிப்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்ற தகுதி, கற்பிக்கும் திறமையைவிட உயர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடித்த ஒருவர் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார். ஊதியம் உள்ள வாயில் அவருக்கு மூடியிருக்க, ஊதியமில்லாத வாயில் மட்டும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு விரியத் திறந்திருக்கிறது.

குழந்தைகளுக்கு நேரும் கேடு இதனினும் பெரிது. கம்போடியாவிலும் நேபாளத்திலும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் வருகையை நம்பியே பல அநாதை விடுதிகள் பெருகின. அவ்விடுதிகளில் இருந்த குழந்தைகளில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது. வறிய குடும்பங்களிடம் கல்வி தருவதாகச் சொல்லிக் குழந்தைகளைப் பெற்று, வருவோர் முன் காட்சிக்கு நிறுத்தும் தொழிலாக அது மாறியிருந்தது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குழந்தை உரிமைகள் பற்றிய தீர்மானத்தில் இந்த விடுதிச் சுற்றுலாவின் கேட்டைச் சுட்டிக்காட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. நேர்மையாக நடக்கும் முகாம்களிலும் கூட, ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மாறினால் குழந்தை எதைக் கற்கும்? ஒவ்வொரு புதியவரும் வண்ணங்களின் பெயரிலிருந்தே தொடங்குகிறார். குழந்தைக்கு எது தெரியும், எது தெரியாது என்று அறியும் வேளையில் அவர் விமானம் ஏறிவிடுகிறார்.

வியட்நாமுக்குக் கற்பிக்கச் செல்வோர்

கொல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் தெருவுக்கு ஹோ சி மின் சரணி என்று பெயர். உன் பெயரும் வியட்நாம், என் பெயரும் வியட்நாம் என்று அந்நகரத்து மாணவர்கள் முழங்கிய காலத்தின் நினைவு அது. வியட்நாம் மீது குண்டு பொழிந்த அரசின் பாதுகாப்புத் துறையை நடத்திய ராபர்ட் மக்னமாரா 1968இல் உலக வங்கித் தலைவராக அந்நகருக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். இன்று அதே நகரத்து மாணவர்களும் வியட்நாமுக்கு உதவப் புறப்படும் போது, எந்த நாட்டுக்குச் செல்கிறோம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வாரில்லை.

1945 செப்டம்பர் 2 அன்று வியட்நாம் விடுதலைப் பிரகடனம் செய்தது. பிரெஞ்சுக் காலனியாட்சி அந்த நாட்டு மக்களில் மிகப் பெரும்பான்மையினரை எழுத்தறியாதவர்களாக விட்டுச் சென்றிருந்தது. பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றிருந்த ஆண்டு அது. பசி, அறியாமை, அந்நிய ஆக்கிரமிப்பு ஆகிய மூன்றையும் ஒரே தரத்துப் பகைவர்களாக அறிவித்தார் ஹோ சி மின். ஆறே நாள்களில், செப்டம்பர் 8 அன்று, மக்கள் கல்வி இயக்கத்துக்கான ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. எழுத்தறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது தேசியக் கடமையாயிற்று. சுமார் ஓராண்டில் 25 இலட்சம் பேர் தங்கள் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றனர்.

அந்த அடித்தளத்தின் மீது எழுந்த பொதுக் கல்வியின் பலனை முதலாளித்துவ நாடுகளின் அளவுகோலே ஒப்புக்கொள்கிறது. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பிசா தேர்வில் வியட்நாம் 2012இல் முதன்முறையாகப் பங்கேற்றது. அறிவியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. கணிதத்தில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் முந்தியது. அதற்கு முந்தைய சுற்றில் இமாசலப் பிரதேசமும் தமிழ்நாடும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டு கடைசி வரிசையில் நின்றன. அத்தேர்வின் குறைகள் பற்றி விவாதிக்கலாம். இந்திய அரசு அந்த விவாதத்துக்கும் நிற்காமல் அடுத்த சுற்றிலிருந்தே விலகிக்கொண்டது. அரசின் மொத்தச் செலவில் குறைந்தது 20 சதவீதம் கல்விக்கு என்று வியட்நாமின் கல்விச் சட்டம் கூறுகிறது. ஒட்டுமொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கோத்தாரிக் குழு 1966இல் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தை மறுபடி எழுதி வைத்திருக்கிறது. இந்தியா இன்றுவரை அதை எட்டியதில்லை. ஆகவே கற்றுக்கொள்ள வேண்டிய நாட்டுக்குக் கற்பிக்கச் செல்கிறோம் என்ற நினைப்புடன் மாணவர்கள் அனுப்பப்படுகிறார்கள்.

வியட்நாமே இன்று பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பரவலாக்க விரும்புகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். உலக வணிகத்தின் மொழியாக ஏகாதிபத்தியம் நிலைநிறுத்தியிருக்கும் ஒரு மொழியைப் புறக்கணிக்க எந்த வளரும் நாட்டாலும் இயலாது. தேவை அவ்வளவு மெய்யானது என்பதனாலேயே அதைப் பயிற்சி பெற்ற, நிலையான ஆசிரியர்கள் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. விடுமுறைக்கு வருவோர் அந்தத் தேவையைத் தீர்ப்பதில்லை. அதன் மேல் வளரும் சந்தைக்கு மலிவான ஆளாகவே அவர்கள் பயன்படுகிறார்கள்.

சேவை என்ற சொல்லின் வர்க்க உள்ளடக்கம்

இந்தியாவின் ஆசிரியர்களுக்குச் சேவை, தொண்டு, நட்பு முதலிய சொற்களின் விலை நன்றாகத் தெரியும். உத்தரப்பிரதேசத்தில் நிரந்தர ஆசிரியரை நியமிக்காமல் தொடக்கப் பள்ளிகளை நடத்துவதற்காக ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டவர்களுக்கு அரசு வைத்த பெயர் சிக்ஷா மித்ரா, அதாவது கல்வித் தோழர். நீண்ட போராட்டத்துக்குப் பின் அவர்களில் 1.37 இலட்சம் பேர் நிரந்தரம் செய்யப்பட்டனர். 2017 ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த நிரந்தரத்தைத் தகுதிக் குறைபாட்டைக் காட்டி ரத்து செய்தது. அதன்பின் மாநில அரசு அவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் நிர்ணயித்தது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் தகுதியற்றவர். ஓரிரு நாள் பயிற்சி பெற்று வெளிநாட்டு வகுப்பறையில் நுழையும் மாணவர் தலைமைப் பண்பு மிக்கவர். ஆளும் வர்க்கத்தின் தகுதி இலக்கணம் இப்படித்தான் இருக்கிறது.

ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அத்தகைய ஆசிரியர்களுக்கு வித்யா வாலண்டியர் என்றே பெயர். 2005இல் தொடங்கிய கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தின் சுமையைச் சுமக்கும் சுமார் 10 இலட்சம் ஆஷா ஊழியர்களையும் அரசு தன்னார்வலர்கள் என்றே அழைக்கிறது. அங்கன்வாடி ஊழியர்களுக்குத் தருவது ஊதியமல்ல, மதிப்பூதியம். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமர்ந்த அந்த மாநாட்டின் பரிந்துரை கிடப்பில் போடப்பட்டது. தன்னார்வலர் என்ற ஒற்றைச் சொல்லால் ஊதியச் சட்டம், ஓய்வூதியம், பணிப் பாதுகாப்பு அனைத்தையும் மறுக்க முடிகிறது.

2021 செப்டம்பரில் பிரதமர் தொடங்கிவைத்த வித்யாஞ்சலி தளம் இதன் அடுத்த படி. விருப்பமுள்ளோர் தாங்கள் தேர்ந்தெடுக்கும் அரசுப் பள்ளியில் ஊதியமின்றிப் பங்களிக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. நாட்டில் ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு இயங்கும் பள்ளிகள் ஒரு இலட்சத்துக்கும் மேல் என்று அரசின் புள்ளிவிவரமே கூறுகிறது. அங்கே ஐந்து வகுப்புகளையும் அந்த ஒருவரே பார்த்துக்கொண்டு, மதிய உணவுக் கணக்கையும் எழுதிக்கொண்டு, தேர்தல் பணிக்கும் போக வேண்டும். ஆசிரியர் பயிற்சி முடித்துத் தகுதித் தேர்விலும் தேறிய இளைஞர்கள் மாநிலந்தோறும் பணி நியமனம் கேட்டுத் தெருவில் தடியடி வாங்குகிறார்கள். காலியிடமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. இரண்டையும் இணைக்க வேண்டிய அரசு நடுவில் சேவை என்ற திரையைக் கட்டியிருக்கிறது. ஊதியமில்லாக் கற்பித்தலை உயர்ந்த பண்பாக மதிக்கக் கல்லூரியிலேயே பழகிய தலைமுறை, நாளை அந்தத் திரையை விலக்கிப் பார்க்குமா?

மாணவர்கள் ஏன் செல்கிறார்கள்?

சாகச விருப்பம் மட்டுமே காரணமென்று கொள்வது மேலோட்டமான பார்வை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024ஆம் ஆண்டு இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம். வறியவரால் வேலையின்றி இருக்க முடியாது, எந்தக் கூலிக்கும் போயாக வேண்டும் என்பதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. பட்டம் மட்டும் போதாத நெருக்கடியில், பிறரிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டும் ஏதேனும் ஒன்றை மாணவர் தேடுகிறார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவும் பெருநிறுவன நேர்காணலில் சொல்லவும் ஓர் அனுபவம் தேவைப்படுகிறது. அதைப் பணம் கொடுத்து வாங்க முடிந்தவர் வாங்குகிறார். கோடையில் தந்தையுடன் வயலுக்கோ கடைக்கோ செல்ல வேண்டிய மாணவருக்கும், உணவு விநியோக வேலை செய்து அடுத்த பருவக் கட்டணம் சேர்க்கும் மாணவருக்கும் அந்தச் சான்றிதழ் கிட்டாது. உழைத்துப் படித்தவருடைய உழைப்பு அனுபவமாகக் கணக்கில் வராமல், பணம் கட்டிச் சென்றவருடைய ஆறு வாரம் தலைமைப் பண்பாகப் பதிவாகிறது.

ஆங்கிலம் பற்றிய தெளிவு

இந்த விமர்சனத்தை ஆங்கில எதிர்ப்பாகத் திரிப்போர் உண்டு. 1835இல் மெக்காலே வகுத்த கல்வி ஆளுவோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே ஒரு சிறு தரகு வகுப்பை உருவாக்கும் நோக்கம் கொண்டது. எனினும் சாதியின் சிறையை உடைக்க ஆங்கிலத்தை ஆயுதமாக்கிய மரபும் இந்நாட்டுக்கு உண்டு. 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய், ஜோதிராவ் பூலே இணையர் முதல் அம்பேத்கர் வரை அதற்குச் சான்று. மேற்கு வங்கத்தில் இடது முன்னணி அரசு 1980களில் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியது. தாய்மொழி வழியே தொடக்கக் கல்வி என்ற கல்வியியல் அடிப்படை அதற்கு இருந்தது. ஆயினும் வசதி படைத்தோர் பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றிக்கொண்டனர். உழைக்கும் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஏதோ மறுக்கப்படுவதாக உணர்ந்தனர். பின்னர் அம்முடிவு படிப்படியாக மாற்றப்பட்டது. தாய்மொழியில் கல்வியும், தரமான ஆங்கிலக் கற்பித்தலும் ஒருசேர அரசுப் பள்ளியில் கிடைக்க வேண்டும் என்பதே அந்த அனுபவம் தந்த படிப்பினை. பழங்குடி, தலித், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும். அதைத் தர அப்பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பணியிடம் இருக்க வேண்டும். அதில் ஆள் இருக்க வேண்டும்.

சர்வதேசியத்தின் இலக்கணம்

வெளிநாடு சென்று தொண்டு புரிவதையே இடதுசாரிகள் எதிர்க்கிறார்களா என்ற கேள்விக்குச் சோலாப்பூரில் பிறந்த ஒரு மருத்துவர் தம் வாழ்வால் விடை தந்திருக்கிறார். ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட சீன மக்களுக்கு உதவ 1938இல் இந்தியாவிலிருந்து சென்ற ஐந்து மருத்துவர்களில் துவாரகநாத் கோட்னிஸ் ஒருவர். அவர் முறையாகப் பயின்ற மருத்துவர். சென்ற நாட்டின் மொழியைக் கற்றார். எட்டாவது வழிப்படையின் காயமுற்ற வீரர்களுக்குப் போர்முனையில் அறுவை சிகிச்சை செய்தார். பெதூன் பெயரிலான சர்வதேச அமைதி மருத்துவமனையை நடத்தினார். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார். 1942 டிசம்பர் 9 அன்று அங்கேயே மறைந்தபோது அவருக்கு வயது 32. அவரை அழைத்தது போராடும் ஒரு மக்களின் தேவை. அவர் கொண்டு சென்றது அவர்களிடம் இல்லாத திறன்.

1961இல் கியூபாவின் எழுத்தறிவு இயக்கத்தில் ஒரு இலட்சம் இளைஞர்கள் நகரங்களை விட்டு மலைகளுக்கும் வயல்களுக்கும் சென்றனர். பகலில் விவசாயியுடன் உழைத்து, இரவில் விளக்கொளியில் எழுத்தறிவித்தனர். 1990 பிப்ரவரி 4 அன்று நாட்டின் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டதன் பின்னாலும், தொடர்ந்து தமிழ்நாட்டில் எழுந்த அறிவொளி இயக்கத்தின் பின்னாலும் தன்னார்வலர்களே நின்றனர். இவர்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லரே என்று கேட்பது நியாயமான கேள்வி. அவர்கள் எந்த ஆசிரியருடைய இடத்தையும் நிரப்பவில்லை. பள்ளி கைவிட்ட முதியோருக்கு, அவர்களுடைய மொழியிலேயே கற்பித்தனர். பணி முடிந்த பின்னும் அதே ஊரில், அதே மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக வாழ்ந்தனர். படித்தவர்கள் கூலியையும் ரேஷனையும் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கினர். தன்னார்வம் மக்கள் இயக்கமாகும் போது அரசின் கடமையை அரசுக்கு நினைவூட்டுகிறது. வணிகமாகும் போது அரசை அக்கடமையிலிருந்து விடுவிக்கிறது.

செய்ய வேண்டியவை

வளாகத்தில் அந்தச் சுவரொட்டிகளைக் கிழிப்பதால் பயனில்லை. புறப்பட ஆயத்தமாகும் மாணவரிடம் இடதுசாரி மாணவர் அமைப்புகள் சில கேள்விகளை வைக்க வேண்டும். கட்டும் கட்டணம் யாருக்குப் போகிறது? கற்பிக்கப் போகும் இடம் அரசுப் பள்ளியா, கட்டண நிலையமா? அந்த வேலைக்கு உள்ளூரில் ஆசிரியர் இல்லையா? எந்த விசாவில் அனுப்புகிறார்கள்? பல நாடுகளில் சுற்றுலா விசாவில் வருவோர் ஊதியமின்றிக்கூடப் பணியாற்ற முடியாது. சிக்கல் வந்தால் தனித்து நிற்பவர் மாணவரே. இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்கும் பழக்கம் ஏற்பட்டாலே தரகின் பாதிக் கவர்ச்சி குறையும்.

அடுத்ததாக, உதவ விரும்பும் அந்த மனத்துக்கு இயக்கம் வேலை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலி, எத்தனை பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள் என்று கோடையில் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்து மக்கள் முன் வைப்பது மாணவர்களால் இயலும் பணி. செங்கல் சூளைகளிலும் கட்டுமான இடங்களிலும் வாழும் புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகள் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லாமல் வளர்கிறார்கள். அவர்களைப் பள்ளியில் சேர்க்கப் போராடுவதும், அதற்காக அவர்களுடைய ஒடியாவையோ வங்காளியையோ இந்தியையோ சிறிது கற்பதும் சர்வதேசியத்துக்கு முதல் பாடம். ஒப்பந்த ஆசிரியரும் ஆஷா ஊழியரும் அங்கன்வாடி ஊழியரும் நடத்தும் போராட்டப் பந்தலில் கல்லூரி மாணவர் ஒருவர் சென்று அமர்ந்தால், சேவை என்ற சொல்லின் பின்னால் உள்ள கூலிக் கணக்கை ஒரே நாளில் புரிந்துகொள்வார்.

அதன்பின்னும் வியட்நாம் செல்ல விரும்புவோர் செல்லட்டும். ஆனால் மாணவராகச் செல்லட்டும். பஞ்சமும் போரும் சூழ்ந்திருந்த ஒரு நாடு விடுதலை பெற்ற ஆறாம் நாளில் கல்விக்கு ஆணையிட்டது எப்படி என்பதைக் கற்று வரட்டும். 1947இல் விடுதலை பெற்ற நாட்டில் ஒரு இலட்சம் பள்ளிகள் இன்னும் ஓராசிரியர் பள்ளிகளாக இருப்பது ஏன் என்ற கேள்வியை இங்குள்ள ஆட்சியாளர்களிடம் எழுப்பட்டும்.